டைசனின் தலையும் விரல்களின் நினைவும்

1990இல் அமெரிக்கக் கடைகளுக்கு நிண்டெண்டோவின் குத்துச்சண்டை வீடியோ கேம் கேசட் ஒன்று மறுபடி வந்தது. மூன்று வருடத்துக்கு முன் ‘மைக் டைசன்ஸ் பஞ்ச்-அவுட்’ என்ற பெயரில் விற்ற அதே ஆட்டம்தான். குத்துச்சண்டை வீரர் டைசனுடன் போட்ட ஒப்பந்தம் முடிந்துவிட்டதால், கடைசி எதிராளியின் தலையை மட்டும் மாற்றி, ‘மிஸ்டர் ட்ரீம்’ என்று பெயர் சூட்டியிருந்தார்கள். முதல் சுற்றின் முதல் பாதியில் ஒரே அடியில் சாய்த்துவிடும் அந்த அப்பர்கட், அதன் வேகம், அதன் இடைவெளி எல்லாம் டைசனுடையவை.

ஆட்டமாகப் பார்த்தால் ஒன்றும் குறையவில்லை. ஆனாலும் அந்தக் காலத்துப் பிள்ளைகள், இன்று தலை நரைத்த பிறகு, பெரும்பாலும் டைசன் கேசட்டைத்தான் தேடி வாங்குகிறார்கள். குத்து அதேதான் என்றால், அவர்கள் தேடுவது எதை?

பழையதற்கான ஏக்கத்தைப் பற்றி ஜெர்மன் தத்துவவாதி கான்ட் 1798இல் வெளியான தன் மானுடவியல் நூலில் ஒரு கறாரான கருத்தைச் சொல்லியிருக்கிறார். அயல்நாட்டில் ஊர் நினைப்பால் வாடும் சுவிஸ்காரர் ஒருநாள் ஊர் திரும்புகிறார்; ஏமாந்துபோகிறார்; அந்த ஏமாற்றத்திலேயே நோயும் தீர்ந்துவிடுகிறது. ஊர் மாறிப்போச்சு என்று அவர் அலுத்துக்கொள்வார். திரும்பி வராதது அவருடைய இளமை என்கிறார் கான்ட்.

ஊரை வைத்து இதைச் சோதித்துப் பார்க்க வழியில்லை. ஊர் நிஜமாகவே மாறிவிடுகிறதே! கேசட் அப்படியில்லை. ஆடுபவர் இயக்கும் பிராங்க்ஸ் பையன் லிட்டில் மேக்குக்கு இன்றும் 17 வயது, எடை 107 பவுண்டு. எதிராளிகளில் கிளாஸ் ஜோ ஒரு வெற்றி, 99 தோல்வியோடு அதே இடத்தில் நிற்கிறார். கிங் ஹிப்போ ஒருமுறை விழுந்தால் எழுந்திருக்க மாட்டார். திரும்பிப் போகும் இடம் துளியும் மாறாதபோதும் ஏக்கம் தீரவில்லை என்றால், கான்ட் ஜெயித்துவிட்டார் என்றே சொல்லத் தோன்றும்.

அங்கேதான் விரல்கள் குறுக்கே வருகின்றன. பிரெஞ்சுத் தத்துவவாதி பெர்க்சன் 1896இல் நினைவை இரண்டாகப் பிரித்தார். மனப்பாடம் செய்த பாடத்தை ஒப்பிப்பது ஒன்று. அது உடம்பில் ஏறிய பழக்கம், அதற்குத் தேதி கிடையாது. அந்தப் பாடத்தை இன்ன நாளில், இன்ன இடத்தில் உட்கார்ந்து படித்ததை நினைத்துப் பார்ப்பது மற்றொன்று. அது ஒரே தடவை நடந்தது. நேராக டைசனிடம் கொண்டுபோய் நிறுத்தும் 007-373-5963 என்ற எண்ணை முப்பது வருடம் கழித்தும் தடுமாறாமல் அழுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த எண்ணை முதலில் யார் சொன்னார்கள், அன்று வீட்டில் யாரெல்லாம் இருந்தார்கள் என்று கேட்டால் விழிப்பார்கள். ஆட்டம் முதல் நினைவைத் தாராளமாகத் திருப்பித் தருகிறது. ஏங்குவதோ இரண்டாவதற்கு. டைசனின் முகம் ஏன் வேண்டியிருக்கிறது என்பது இப்போது பிடிபடுகிறது: விரல்களுக்கு மிஸ்டர் ட்ரீமே போதும். தேதி போட்ட நினைவுக்குத்தான் ஒரு முகம் தேவைப்படுகிறது.

அந்த விரல்களுக்கும் இப்போது சோதனை. இன்றைய தட்டை டிவிகள் பட்டனை அழுத்தியதைத் திரையில் காட்டச் சற்றே தாமதிக்கின்றன. கண்ணிமைக்கும் நேரம்கூட இல்லை, ஆனால் டைசனிடம் அடி வாங்க அது தாராளம். வயசாகிவிட்டது என்று நொந்துகொண்ட பலர், பழைய பிக்சர் டியூப் டிவி கிடைத்ததும் மறுபடி ஜெயித்திருக்கிறார்கள். கான்ட் இதற்கு என்ன சொல்வாரோ!

முகம் என்று வந்துவிட்டால் அதன் கணக்கு வழக்கும் கூடவே வரும். 1987இல் வெளியான ஆட்டத்தின் டைசன், உலகின் மிக இளைய ஹெவிவெயிட் சாம்பியன். நிஜ டைசன் 1990 பிப்ரவரியில் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸிடம் வீழ்ந்தார். 1992இல் பாலியல் வன்முறை வழக்கில் தண்டிக்கப்பட்டுச் சிறை சென்றார். ஆட்டத்தில் பம்பாய்க்காரராக அறிமுகமாகும் எதிராளி கிரேட் டைகரின் தலைப்பாகையில் ஒரு மணி மின்னும், பிறகு மாயக் குத்து விழும்; இந்தியர் என்றால் அப்படித்தான் என்று காட்டியது அன்று பலருக்கு உறுத்தவில்லை. இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு பழைய மகிழ்ச்சியை அப்படியே ஏற்பது கொஞ்சம் சோம்பேறித்தனம். அதற்காக அன்றைய மகிழ்ச்சி பொய்யாகிவிடாது.

இரண்டு தத்துவவாதிகளின் கணக்கிலும் அடங்காத ஒன்று மிச்சமிருக்கிறது. எதிராளி பால்ட் புல் பாய்ந்து வரும்போது எந்த நொடியில் குத்த வேண்டும் என்பதைப் பார்வையாளர் வரிசையில் மின்னும் ஒரு கேமரா ஃபிளாஷ் காட்டிக்கொடுக்கிறது. ஆட்டத்தை உருவாக்கியவர்கள் இதை வெளியே சொன்னது 2009இல். 2016இல் ரசிகர்களே இன்னொன்றைக் கண்டுபிடித்தார்கள்: கூட்டத்தில் ஒரு தாடிக்காரர் தலையைத் தாழ்த்தும் கணத்தில் குத்தினால் இன்னொரு எதிராளியான பிஸ்டன் ஹோண்டா ஒரே அடியில் சாய்வார். அந்த மனிதர் முதல் நாளிலிருந்தே அங்கே இருக்கிறார். யாருடைய நினைவிலும் அவர் இல்லை. அவரைப் பார்ப்பதற்காகக் கேசட்டை மறுபடி செருகியவர்கள், சிறுவயதில் தாங்கள் கண்ணெதிரே இருந்தும் பார்க்காமல் விட்டதைத் தேடிப் போனார்கள்.