பிறவி மணலும் பின்வந்த கரியும்

பழைய டீசல் என்ஜினின் உள்ளே சேரும் அழுக்கு எல்லாம் ஒரே வகை அன்று. எந்த அழுக்கு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால்தான் அதை எடுக்கும் வழியும் தெரியும். உயிரைப் பற்றியிருக்கும் மாசு எங்கிருந்து வந்தது, அதை யார் நீக்குவது என்பது இந்தியச் சமயங்களுக்குள் நூற்றாண்டுகளாக நடக்கும் வழக்கு. அந்த வழக்கில் யார் என்ன சொல்கிறார்கள் என்று விளங்கிக்கொள்ள, பிரித்துப் போட்ட என்ஜின் ஒன்று நன்றாகவே உதவும்.

இங்கிலாந்தின் டர்ஸ்லி நகரில் லிஸ்டர் நிறுவனம் 1929-இல் கொண்டுவந்த சி.எஸ். வகை என்ஜினை எடுத்துக்கொள்ளலாம். ஒற்றைச் சிலிண்டர், இருபுறமும் கனத்த ஃப்ளைவீல், நிமிடத்துக்கு 650 சுற்றில் 6 குதிரைத்திறன். கிணற்றில் நீர் இறைக்கவும் மாவு மில் ஓட்டவும் பொருத்தமான இந்த என்ஜினை அப்படியே பின்பற்றிக் குஜராத்தின் ராஜ்கோட் பட்டறைகள் வார்த்துத் தள்ளின. டர்ஸ்லியில் 1987-இல் உற்பத்தி நின்ற பிறகும் ராஜ்கோட்டில் வேலை தொடர்ந்தது. இந்த என்ஜினில் ஆயில் ஃபில்டர் கிடையாது. கனெக்டிங் ராடின் அடியில் உள்ள சிறு நாக்கு, சம்பில் நிற்கும் ஆயிலை அடித்துத் தெளிக்கும். உள்ளுறுப்புகளுக்கு அதுவே போதும். கிராங்க் கேஸின் பக்கவாட்டுக் கதவைக் கழற்றினால் அடிவரை கை போகும்.

அந்தக் கை முதலில் தொடுவது கசடு. முழுதாக எரியாத டீசலின் கரி பிஸ்டன் ரிங்குகளைக் கடந்து கீழே இறங்கி, ஆயிலோடு குழைந்து, சம்பின் அடியில் தார்போல் படிந்திருக்கும். மேலே பிஸ்டன் தலையிலும் ரிங் பள்ளங்களிலும் அதே கரி இறுகிக் கல்லாகியிருக்கும். வெறும் கரித்தூள் அவ்வளவு எளிதில் ஒட்டாது. சூட்டில் வெந்த ஆயில்தான் பசையாக நின்று அதைப் பிடித்துவைக்கிறது. பள்ளத்தில் சிக்கிய ரிங்கைத் தட்டி எடுக்கப் பார்த்தால் வார்ப்பிரும்பு ரிங் உடைந்துவிடும். அனுபவமுள்ள மெக்கானிக் மண்ணெண்ணெயிலோ டீசலிலோ அதை இரவெல்லாம் ஊறப்போடுவார். மறுநாள் ரிங் தானாக நெகிழும். பிறகு உடைந்த பழைய ரிங் துண்டு ஒன்றையே கருவியாக்கிப் பள்ளத்தைச் சுரண்டுவார்; அந்தப் பள்ளத்துக்கு அதைவிடப் பொருத்தமான அகலம் வேறெதற்கும் இல்லை.

மாசைப் பருப்பொருளாகவே கண்டவர்கள் சமணர்கள். அவர்கள் நூல்களில் வினை என்பது நுண்ணிய துகள். மனம், வாக்கு, காயம் அசையும்போது அது உயிருக்குள் ஊறி வருகிறது. சினம், செருக்கு, வஞ்சம், பேராசை என்னும் பற்றுகள் பசையாக நின்று அதை ஒட்டவைக்கின்றன. உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் விடுதலைக்கு முன் இரண்டு படிகளை வைக்கிறது: புதிதாக வருவதை அடைப்பது செறிப்பு, முன்பே ஒட்டியதை உதிர்ப்பது உதிர்ப்பு. இந்த வரிசையை மெக்கானிக் மறுக்கமாட்டார். இஞ்செக்டர் சரியாகத் தெளிக்காமல் சொட்டிக்கொண்டிருக்கும்போது பிஸ்டனை மட்டும் சுரண்டிவைத்தால், சில மாதங்களில் அதே கரி அதே இடத்தில் திரும்பப் படியும். உதிர்ப்புக்குச் சமணம் சொல்லும் வழி தவம். அதற்கும் என்ஜினில் ஓர் இணை உண்டு. இலேசான சுமையிலேயே ஓடும் டீசல் என்ஜினில் கரி ஏறும். முழுச் சுமையில் நன்றாகச் சூடேறி ஓடினால் அதில் ஒரு பகுதி தானே எரிந்து வெளியேறும். உயிர் தன் முயற்சியாலேயே தன்னைத் தூய்மை செய்துகொள்ளும் என்ற சமணக் கொள்கைக்கு இந்த அளவில் வலுவான நியாயம் இருக்கிறது.

பௌத்தமும் அத்வைதமும் வேறு திசையில் பார்க்கின்றன. மனம் இயல்பில் ஒளியுடையது, வந்தேறிய அழுக்குகளால் மங்குகிறது என்பது பௌத்த நூலான அங்குத்தர நிகாயத்தின் கருத்து. அத்வைதம் இன்னும் ஒரு படி மேலே போய், ஆன்மாவை மாசு ஒருநாளும் தொட்டதே இல்லை, தொட்டதாகத் தோன்றுவது அறியாமை என்கிறது. உலோகம் உள்ளே சுத்தமாகத்தான் இருக்கிறது, மேலே படிந்ததுதான் அழுக்கு என்பது கரிக்குப் பொருந்தும். கிராங்க் கேஸின் சுவரில் இருக்கும் இன்னொரு பொருளுக்குப் பொருந்தாது.

அது மணல். மணல் அச்சுக்குள் ஏறத்தாழ 1,400 டிகிரி சூட்டில் உருகிய இரும்பை ஊற்றித்தான் கிராங்க் கேஸ் வார்க்கப்படுகிறது. அச்சு மணலில் கொஞ்சம் இரும்பின் தோலிலேயே வெந்து பதிந்துவிடும். அவசர அவசரமாகத் துடைத்து அனுப்பிய வார்ப்புகளில் அது மூலைமுடுக்கெல்லாம் இருக்கும். மேலே பெயின்ட், உள்ளே ஆயில், பார்த்தால் தெரியாது. சூட்டாலும் அதிர்வாலும் ஒவ்வொரு மணியாக உதிர்ந்து ஆயிலில் கலக்கும். கனெக்டிங் ராட் கிராங்க் ஷாஃப்ட்டைப் பிடிக்கும் பிக் எண்டில் இருக்கும் வெள்ளை உலோகம் மென்மையானது. உதிர்ந்த மணி அதில் பதிந்து உட்கார்ந்துகொண்டு, தன்னைவிட மென்மையான எஃகு ஷாஃப்ட்டைச் சுற்றுக்குச் சுற்று அரைக்கும். எவ்வளவு சுமை கொடுத்து ஓட்டினாலும் இந்த மணல் எரியாது. ஓட ஓடச் சேதம்தான் கூடும்.

சைவ சித்தாந்தம் இந்த இரண்டு அழுக்குகளையும் தனித்தனியாகப் பிரித்தது. அது மாசை மலம் என்கிறது. வினையாகிய கன்மமும், உடலுக்கும் உலகுக்கும் மூலமான மாயையும் பின் வந்து சேர்ந்த ஆகந்துக மலம். உயிரின் அறிவை மறைக்கும் ஆணவம் உயிரோடு உடனிருக்கும் சகச மலம். சித்தாந்த ஆசிரியர் உமாபதி சிவம் தம் திருவருட்பயன் என்னும் நூலின் மூன்றாம் அதிகாரம் முழுவதையும் இதற்கே ஒதுக்கினார். இருள் மற்றப் பொருள்களை மறைத்தாலும் இருள் இருப்பதையாவது காட்டும். ஆணவமோ பிறவற்றை மறைப்பதோடு தன்னையும் மறைத்துக்கொள்கிறது என்பது அவர் கண்ட வேறுபாடு. ஆணவம் ஒரு காலத்தில் வந்து ஒட்டியது என்று வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்றும் அவர் கேட்கிறார். தூய்மையாக இருந்த உயிரைக் காரணமின்றி ஒருமுறை பற்றிய மாசு, முத்தி பெற்ற உயிரை மீண்டும் பற்றாது என்பதற்கு என்ன உறுதி? இந்தக் கேள்விக்கு, உயிர் இயல்பில் மாசற்றது என்பவர்கள் நிறைவான விடை சொன்னதாகத் தெரியவில்லை. பிறவி மாசை ஒப்புக்கொள்வது கசப்பானது என்றாலும் சித்தாந்தத்தின் நேர்மை அங்கேதான் இருக்கிறது.

உவமைக்கு ஓர் எல்லையும் உண்டு. மணலுக்கு வார்ப்பு நாள் என்று ஒரு தொடக்கம் இருக்கிறது. உயிருக்கும் ஆணவத்துக்கும் சித்தாந்தம் தொடக்கமே சொல்வதில்லை. ஆனால் என்ஜின் என ஒன்று இருந்த நாளெல்லாம் மணலும் உடனிருந்தது. என்ஜின் தன் கதவைத் தானே திறந்து அதை வெளியேற்றவும் இயலாது. வெளியிலிருந்து ஒரு கை வரவேண்டும். சித்தாந்தி அருள் என்பது இதைத்தான்.

அருளும் நினைத்த நேரத்தில் அதிரடியாக வருவதில்லை. மலம் பக்குவப்பட வேண்டும், நல்வினை தீவினைப் பயன்களை ஒன்றாகவே கருதும் இருவினை ஒப்பு நிகழ வேண்டும். அருள் உயிரில் பதியும் சத்திநிபாதம்கூட மந்ததரம், மந்தம், தீவிரம், தீவிரதரம் என நான்கு படிகளில் பதிகிறது. வீரியமான கரைப்பானை ஊற்றிப் பழைய என்ஜினை ஒரே மூச்சில் கழுவினால், இறுகிய கசடு கட்டிகளாகப் பெயர்ந்து ஆயில் துளைகளை அடைத்துவிடும். ஊறப்போட்டவருக்கு அந்த ஆபத்து இல்லை. உடலும் கருவிகளும் மாயையின் காரியம்தானே, மலத்தை மலத்தால் கழுவலாமா என்ற ஐயத்தைச் சித்தாந்த நூலான சிவஞான சித்தியார் எழுப்பி, சாணியும் உவர்மண்ணும் இட்டுத் துணி வெளுப்பதைக் காட்டி விடை சொல்கிறது. பட்டறையில் கரியைக் கழுவும் டீசலும் கரியைத் தந்த அதே டீசல்தான்.

மணலைக் கம்பிப் பிரஷ்ஷாலும் உளியாலும் சுரண்டி எடுப்பார்கள். எவ்வளவு சுரண்டினாலும் இரும்புத் தோலில் கொஞ்சம் எஞ்சும். அதனால் சுவரைத் துடைத்து உலர்த்தி, ஆயிலில் கரையாத எனாமல் பெயின்ட் அடிப்பார்கள். மணல் அங்கேயே இருக்கும்; உதிராது, அரைக்காது. முத்தியில் ஆணவம் என்ன ஆகிறது என்ற கேள்விக்குச் சித்தாந்தம் தரும் விடையும் இப்படித்தான் இருக்கிறது. மலம் நித்தியப் பொருள், அழிவதில்லை; மறைக்கும் அதன் சக்தி மட்டும் அடங்குகிறது. மாசு முற்றாக இல்லாமல் போவதே விடுதலை என்று எண்ணியவர்களுக்கு இது குறையாகப் படலாம். இருக்கும் மாசால் இனி ஒன்றும் செய்ய இயலாது என்னும் நிலை அதற்குச் சற்றும் குறைந்ததன்று.

அந்த நிலையிலும் காவல் வேண்டும். சித்தாந்தத்தின் மூல நூலான சிவஞானபோதத்தின் 12-ஆம் சூத்திரம், உடலோடு இருக்கும்போதே முத்தி பெற்ற சீவன்முத்தரைப் பற்றியது. அவர்களும் மலத்தைக் கழுவிக்கொண்டே, அன்பரோடு கலந்து, அடியார் வேடத்தையும் ஆலயத்தையும் சிவனெனவே தொழ வேண்டும் என்று அது விதிக்கிறது. உடல் இருக்கும்வரை மலத்தின் வாசனை தாக்கக்கூடும் என்பது இதற்குக் காரணம். பெயின்ட் அடித்த கிராங்க் கேஸிலும் ஆயில் மாற்றும்போதெல்லாம் கதவைத் திறந்து, சம்பின் அடியைத் துணியால் துடைத்து, விரல்களுக்கிடையே தேய்த்து நறநறப்பு இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.