அன்புக்குக் கண் உண்டா?

நாவல் எழுதுகிறவர் அச்சேறுமுன் வரைவை வீட்டாரிடம் படிக்கக் கொடுக்கலாமா? கூடாது என்றே பலரும் சொல்வார்கள். அம்மா புகழ்வார், கணவரோ மனைவியோ மனம் நோகக் கூடாதென்று நல்லதாக நாலு வார்த்தை சொல்லிவைப்பார். அந்தப் பாராட்டு பதிப்பாசிரியரிடம் செல்லாது என்பது அவர்கள் வாதம். அதற்கு அடியில் பழைய மெய்யியல் நம்பிக்கை ஒன்று இருக்கிறது: பற்று கண்ணை மறைக்கும், பற்றற்றவருக்கே உள்ளது உள்ளபடி தெரியும். நம் சமய மரபுகள் பலவும் இதை வலியுறுத்தியவையே. நானும் இதை மறுக்கவில்லை. ஆனால் பற்றும் அன்பும் ஒன்றல்ல. பிறரிடம் தனக்கு வேண்டியதைத் தேடுவது பற்று. பிறரை அவராகவே காண முயல்வது அன்பு. அப்படியானால் அன்பு பார்வையைக் கெடுப்பதில்லை, கூர்மையாக்குகிறது.

மெய்யியலாளரும் நாவலாசிரியருமான ஐரிஸ் மர்டாக், 1970இல் வெளிவந்த ‘த சாவரின்டி ஆஃப் குட்’ நூலில் ஒரு மாமியாரைக் காட்டுகிறார். மருமகளை நயமற்றவள், சிறுபிள்ளைத்தனமானவள் என்று அவர் உள்ளூர எண்ணுகிறார். வெளியே குறையில்லாமல் நடந்துகொள்கிறார். பின்பு, தன் பொறாமைதான் இப்படிப் பார்க்க வைக்கிறதோ என்று தன்னையே கேட்டுக்கொண்டு மறுபடி பார்க்கிறார். மருமகள் மாறவில்லை, ஆனால் அவளுடைய எளிமையும் கலகலப்பும் இப்போது தெரிகின்றன. நீதியும் அன்பும் சேர்ந்த கவனமே மெய்யைக் காட்டும் என்பது மர்டாக்கின் முடிவு. முற்றுப்பெறாத வரைவும் அந்த மருமகளின் நிலையில்தான் இருக்கிறது. முதல் பார்வையில் அதன் குறைகள்தான் முன்னால் நிற்கும். அந்நியருக்கு அதை இரண்டாம் முறை பார்க்க வேண்டிய கடமை இல்லை. வேண்டியவருக்கே அந்தப் பொறுமை வரும்.

ஆங்கில நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டினின் குடும்பம் இதற்குச் சான்று. 1796-97இல் அவர் எழுதிய ‘ஃபர்ஸ்ட் இம்ப்ரெஷன்ஸ்’ வீட்டில் படிக்கப்பட்டு எல்லோருக்கும் பிடித்துப்போனது. 1797 நவம்பரில் அவருடைய தந்தை லண்டன் பதிப்பாளர் கேடலுக்கு அதைப் பற்றி எழுதினார். கையெழுத்துப் பிரதியைப் பார்க்கவும் கேடல் முன்வரவில்லை. அதே கதை திருத்தப்பட்டு 1813இல் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ ஆக வந்தது. படித்த குடும்பம் கண்டதைப் படிக்காத பதிப்பாளர் காணவில்லை. அந்த வீட்டார் வெறும் புகழ்பாடிகளும் அல்லர். 1814இல் ‘மான்ஸ்ஃபீல்ட் பார்க்’ வெளிவந்த பின் உற்றார் கருத்துகளை ஆஸ்டின் எழுதிவைத்தார். அதன் நாயகி ஃபேனி சுவையற்றவள் என்று தம் தாய் சொன்னதும் அதில் இருக்கிறது. அன்புள்ள தாயால் அப்படிச் சொல்ல முடிந்தது. மகளால் அதைப் பதிந்துவைக்கவும் முடிந்தது.

எல்லா வீடும் அப்படியா என்று கேட்கலாம். இல்லை. தாம் எழுதிய ‘ஜேன் ஐர்’ நாவல் 1847இல் வெளியான பிறகே ஷார்லட் பிராண்டி தந்தையிடம் அதைச் சொன்னார். ஆனால் ஹாவர்த் ஊரிலிருந்த அதே வீட்டில் ஷார்லட்டும் அவருடைய தங்கைகள் இருவரும் இரவுகளில் தாங்கள் எழுதியதை ஒருவருக்கொருவர் படித்துக்காட்டினார்கள். ஆகவே யாரிடம் காட்டுவது என்பதை எழுதுகிறவரே தீர்மானிக்க வேண்டும். இரத்த உறவு மட்டும் தகுதியாகாது. வீட்டார் பேச்சைக் கேட்டு எழுதினால் படைப்பு வளைந்துபோகாதா என்பது இன்னும் கடினமான கேள்வி. தங்கைகளின் கருத்துக்காக ஷார்லட் தம் எழுத்தை அரிதாகவே மாற்றினார் என்று அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிய எலிசபெத் கேஸ்கெல் குறிப்பிடுகிறார். ஆனாலும் படித்துக்காட்டுவதை ஷார்லட் நிறுத்தவில்லை. செவிகொடுப்பது வேறு, கீழ்ப்படிவது வேறு.

ஆக, நாம் அஞ்ச வேண்டிய பற்று பெரும்பாலும் படிப்பவரிடம் இல்லை, கொடுப்பவரிடம் இருக்கிறது. பாராட்டுக்காக வரைவை நீட்டுகிறவர் வீட்டாரைத் தமக்குப் பயன்படுத்திக்கொள்கிறார். அவர்களும் வேறு வழியின்றிப் பாராட்டிவிடுகிறார்கள். எந்தப் பக்கத்தில் நம்பிக்கை போனது, எந்தப் பாத்திரம் பொய்யாகத் தெரிந்தது என்று கேட்கிறவர், அவர்கள் உண்மை பேச இடம் கொடுக்கிறார். புத்தகம் அச்சாகுமா என்பதைப் பதிப்பாளர்தான் சொல்ல வேண்டும். அதை வீட்டாரிடம் கேட்பது அவர்கள்மேல் ஏற்றும் வீண் பாரம். அவர்களிடம் கேட்கத் தக்கது ஒன்றே: இதில் நான் எங்கே பொய் சொல்லியிருக்கிறேன்? நம்மை நெடுநாள் அறிந்தவர்களுக்கு அது தெரியும்.