ஆற்றில் போட்டு குளத்தில் தேடி…

தோற்றுப்போன டீமைப் பற்றி அலசுவதற்கு டீக்கடை பெஞ்சை விடச் சிறந்த மைதானம் உலகத்தில் எங்கும் இல்லை.

2018, கார்த்திகை மாதம். விருத்தாசலத்தில் என் மனைவியின் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். விருத்தாசலம் என்றதும் உங்களுக்கு ரயில்வே ஜங்ஷன் ஞாபகம் வரலாம். பழமலைநாதர் கோயில் ஞாபகம் வரலாம். எனக்குப் பீங்கான்தான் ஞாபகம் வரும். ஊறுகாய் ஜாடி, மீட்டர் பெட்டிக்குள் இருக்கிற வெள்ளை ஃப்யூஸ் கட்டை, ஷோகேஸ் பொம்மை என்று அந்த ஊர் மண் நம் வீட்டுக்குள் எப்படியாவது நுழைந்திருக்கும். அங்கே ஒரு சின்ன கம்பெனியில் சூளை பார்ப்பவர் மாமா. ஆயிரம் டிகிரிக்கு மேல் கொதிக்கிற நெருப்போடு முப்பது வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறவர். வீட்டுக்கு வந்தால் ஃபுட்பால் பைத்தியம்.

அன்று ராத்திரி டீக்கடை டி.வி-யில் சென்னையின் எஃப்.சி ஆட்டம். முதல் பாதியில், “நம்ம பசங்க இன்னிக்கி விடமாட்டானுங்க மாப்ள” என்றார் மாமா. ஆட்டம் முடிந்தது. தோல்வி. “இவனுங்க என்னிக்கு உருப்பட்டானுங்க!” என்று கிளாஸை ‘ணங்’கென்று வைத்தார்.

கவனித்தீர்களா? தொண்ணூறு நிமிஷத்தில் ‘நம்ம பசங்க’, ‘இவனுங்க’ ஆகிவிட்டார்கள்!

இது விருத்தாசலத்து வியாதி மட்டும் இல்லை. ராபர்ட் சியால்டினி என்கிற உளவியல் பேராசிரியர், அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் இதை ஆராய்ந்து 1976-ல் வெளியிட்டார். அங்கே ஃபுட்பால் என்பது வேறு ஆட்டம். ஆனால், மனசு ஒன்றுதான். காலேஜ் டீம் ஜெயித்தால் மறுவாரம் காலேஜ் பேர் போட்ட பனியன்கள் அதிகமாக வளைய வருகின்றன. கேட்டால் ‘நாம ஜெயிச்சோம்’ என்கிறார்கள். தோற்றால், ‘அவங்க தோத்துட்டாங்க’!

வெற்றிக்கு மட்டும் பார்ட்னர்ஷிப். நஷ்டத்துக்கு இல்லை. நான் பி.காம் படித்தவன். இப்படி ஒரு கூட்டு வியாபார ஒப்பந்தத்தை எந்த ஆடிட்டரும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

டீக்கடை கோர்ட் அன்று நள்ளிரவு வரை நடந்தது. குற்றவாளி: கோச் ஜான் கிரிகரி. தீர்ப்பு: ‘மொதல்ல அந்த ஆளைத் தூக்கணும்!’

அந்த ஆள் யார்? அதே 2018, மார்ச் 17-ம் தேதி, பெங்களூரில் பெங்களூரு எஃப்.சி-யை 3-2 என்று தோற்கடித்து ஐ.எஸ்.எல். கோப்பையை வாங்கிக் கொடுத்த அதே ஆள். அப்போது அவர் மேதை. எட்டு மாசத்தில் முட்டாள். இடையில் அவர் ஃபுட்பாலை மறந்துவிட்டாரா என்ன? தற்காப்பின் தூணாக இருந்த செரேனோ கிளம்பிப் போனார். நடுக்களத்தில் நம் ஊர் தனபால் கணேஷ் முழங்கால் காயத்தோடு உட்கார்ந்துவிட்டார். அதையெல்லாம் பெஞ்சில் யாரும் பேசவில்லை. அந்த சீஸனில் 18 ஆட்டங்களில் 13 தோல்வி, 3 டிரா, 2 வெற்றி. சாம்பியன் டீம் 9 புள்ளிகளோடு கடைசி இடம்!

கோபம் வராதா? வரும். ஆனால், அந்தக் கோபம் எதைப் பார்த்து வருகிறது என்பதுதான் என் கேள்வி.

மறுநாள் காலை மாமாவோடு சூளைக்குப் போனேன். ரெண்டு நாள் எரித்து ஆறவைத்த சூளையைத் திறக்கிற நாள். கதவு திறந்தது. மாமா முகம் செத்துப்போனது. அடுக்கடுக்காக டீ கப்புகள். பாதிக்கு மேல் விரிசல்.

முதலாளி வந்தார். வயசில் மாமாவை விட இளையவர். “என்னய்யா பண்ணி வெச்சிருக்க? தூங்கிட்டியா? உன்னையெல்லாம் வெச்சு எப்படித் தொழில் பண்றது? நாளையிலேர்ந்து வேற ஆளைப் பாத்துக்கறேன்!”

மாமா பதில் பேசவில்லை. ரெண்டு ராத்திரியும் அவர் சூளையை விட்டு நகரவில்லை என்று எனக்குத் தெரியும். மேட்ச் பார்க்க வந்ததே நெருப்பை அணைத்த பிறகுதான்.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். ஒரு உடைந்த கப்பைக் கையில் உருட்டிக்கொண்டே சொன்னார். “பத்து நாளா மழை மாப்ள. ஷெட்டு ஒழுகுது. பச்சை கப்பு உள்ள ஈரம் காயல. ஆர்டர் அவசரம்னு அடுக்கச் சொன்னாங்க. மேல பாத்தா காஞ்ச மாதிரிதான் இருக்கும். நெருப்புல போட்டாத்தான் உள்ள இருக்கிற ஈரம் ஆவியாகி வெடிக்கும். தப்பு நடந்தது ஷெட்டுல. தெரிஞ்சது சூளையில. திட்டு எனக்கு.”

எனக்கு நாக்கு சும்மா இருக்கவில்லை. “நேத்து கோச்சைத் தூக்கணும்னு சொன்னீங்களே மாமா?”

முறைத்தார். கொஞ்ச நேரம் கழித்து, “அந்த ஆளு ஷெட்டுல என்ன ஒழுகுச்சோ… நான் எங்க பாத்தேன்?” என்றார்.

காஸ்ட் அக்கவுன்டன்சியில் ஒரு பாடம் உண்டு. எந்த உற்பத்தியிலும் கொஞ்சம் சேதாரம் இருந்தே தீரும். அதற்கு ‘நார்மல் லாஸ்’ என்று பெயர். நூறு கப் சுட்டால் சில கப் உடையும். அந்தச் செலவை நல்ல கப்புகளின் தலையில் ஏற்றிவிடுவார்கள். யாரையும் திட்ட வேண்டியதில்லை. அதற்கு மேல் உடைந்தால் அது ‘அப்நார்மல் லாஸ்’. அதைத் தனியாகப் பிரித்து லாப நஷ்டக் கணக்கில் காட்ட வேண்டும். ஏன் நடந்தது என்று யாராவது பதில் சொல்ல வேண்டும்.

ரசிகனின் சிக்கல் என்னவென்றால், அவன் கணக்கில் நார்மல் லாஸ் என்ற வரியே கிடையாது. பத்து டீம் விளையாடுகிற லீகில் ஒருவர்தான் சாம்பியன். மீதி ஒன்பது ஊரிலும் யாரோ ஒரு மாமா கிளாஸை வைத்து உடைத்துக்கொண்டிருப்பார்.

‘அப்படியானால் தோற்றால் யாரையும் கேள்வி கேட்கக் கூடாதா? எல்லாம் விதி, மழை, முழங்கால் என்று விட்டுவிடலாமா?’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பதின்மூன்று தோல்வி நார்மல் லாஸ் இல்லை. அரைச் சூளை விரிசலும் இல்லை. டிக்கெட் வாங்கியவனுக்கும் முதல் போட்டவனுக்கும் கேட்கிற உரிமை கண்டிப்பாக உண்டு. ஆனால் கேள்வி, ‘எங்கே தப்பு நடந்தது?’ என்று இருக்க வேண்டும். நாமோ ‘யாரைத் தூக்கலாம்?’ என்றுதான் ஆரம்பிக்கிறோம்.

இதற்கு விருத்தாசலத்திலேயே ஒரு பழைய கதை இருக்கிறது. சுந்தரருக்கு இந்த ஊரில் இறைவன் பன்னிரண்டாயிரம் பொன் கொடுத்தார். அதை இங்கே மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு, திருவாரூர் குளத்தில் போய் எடுத்துக்கொள் என்றார். ‘ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடினாற்போல’ என்ற பேச்சை இந்தக் கதையோடு சேர்த்துச் சொல்வார்கள். சுந்தரருக்குக் கிடைத்தது. அவருக்கு சிவன் துணை. நமக்கு அந்த வசதி இல்லை. ஷெட்டில் தொலைத்ததை சூளையில் தேடினால் நமக்குக் கிடைக்காது.

அந்தக் கதையில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. பொன்னை ஆற்றில் போடும் முன் சுந்தரர் அதில் ஒரு துண்டை வெட்டி மாதிரிக்கு வைத்துக்கொண்டார். குளத்தில் எடுத்ததும் அதோடு உரைத்துப் பார்த்தார். அதனால்தான், மாற்று குறைகிறது என்று கடவுளிடமே அவரால் சொல்ல முடிந்தது!

தீர்ப்பு சொல்கிறவனுக்கு வேண்டியது அந்தத் துண்டுதான். ஆட்டத்துக்கு முன்னாலேயே ‘இந்த ஆளை இறக்காதே, இந்த வியூகம் தப்பு’ என்று சொன்னவன், தோற்ற பிறகு பேசலாம். ‘ஷெட் ஒழுகுது, இப்ப அடுக்காதே’ என்று சொன்ன முதலாளி, உடைந்த பிறகு திட்டலாம். ஸ்கோரைப் பார்த்துவிட்டு அறிவாளி ஆகிறவன் கையில் உரைகல் மட்டும்தான் இருக்கிறது. மாதிரிப் பொன் இல்லை.

சரி, அப்புறம் என்ன ஆச்சு?

முதலாளி கோபம் ரெண்டு நாளில் தணிந்தது. மாமாவின் வேலை தப்பியது. ஆனால் அந்தச் சூளைக்குப் பாதிக் கூலிதான். அடுத்த வாரம் ஷெட்டுக்குப் புதுத் தார்ப்பாய் வந்தது. பாதிக் கூலியை யாரும் திருப்பித் தரவில்லை.

கிரிகரியை கிளப் உடனே தூக்கவில்லை. லீகில் கடைசி இடம் பிடித்த அதே டீம், அவர் தலைமையிலேயே 2019 ஏப்ரலில் சூப்பர் கப் ஃபைனல் வரை போய் கோவாவிடம் 2-1 என்று தோற்றது. அடுத்த சீஸனும் மோசமாக ஆரம்பிக்க, அந்த வருஷக் கடைசியில் கிளப்பும் அவரும் பிரிந்தார்கள். ஓவன் கோய்ல் வந்தார். டீம் தலைகீழாக மாறி ஐ.எஸ்.எல். ஃபைனலுக்கே போய்விட்டது!

மாமா போன் பண்ணினார். “பாத்தீங்களா மாப்ள, அன்னிக்கே சொன்னேன்ல?”

எனக்குப் பதில் சொல்ல முடியவில்லை. இந்தக் கட்டுரையின் நேர்மைக்காக ஒப்புக்கொள்கிறேன், ஆளை மாற்றியது பலன் தந்தது. சில சமயம் சூளைக்காரரும் காரணமாக இருக்கலாம். ஆனால், கோய்ல் கையில் கிடைத்தது பெரும்பாலும் கிரிகரி காலத்தில் சேர்த்த டீம்தானே? பிரித்துச் சொல்ல யாரால் முடியும்? மாமா சொன்னது பலித்தது. அதனால் மட்டும் அவர் ஒரு வருஷம் முன்னால் சரியாக எடைபோட்டார் என்று ஆகிவிடாது. ஓடாத கடிகாரம்கூட ஒரு நாளைக்கு ரெண்டு தடவை சரியாக மணி காட்டுகிறது.

2020, மார்ச் 14. கோவாவில் ஃபைனல். கொரோனா பயத்தில் மைதானத்துக்குள் ரசிகர்களை விடவில்லை. காலி நாற்காலிகளுக்கு முன்னால் ஏ.டி.கே-விடம் 3-1 என்று தோற்றது சென்னையின். பந்தை உதைக்கிற சத்தம்கூடத் தனியாகக் கேட்டது. கை தட்டவும் ஆள் இல்லை. திட்டவும் ஆள் இல்லை.

நான்தான் மாமாவுக்கு போன் போட்டேன். இன்றைக்கு யாரைத் தூக்கச் சொல்வாரோ என்று காத்திருந்தேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னார்…

“தோத்துட்டோம் மாப்ள.”