ஒற்றைச் சாட்சி

கரன்ட் போன ராத்திரி. கண்ணெதிரே எதுவோ மினுக்கென்கிறது. நிஜமா, பிரமையா?

உங்கள் விழித்திரையில் 10 கோடி வாக்கில் ‘ராட்’ செல்கள் இருக்கின்றன. மங்கல் வெளிச்சத்துக்கு அவைதான் பொறுப்பு. ஒளியின் மிகச் சிறிய துளி போட்டான். ஒரே ஒரு போட்டான் பட்டால் போதும், ராட் செல் உணர்ந்துவிடும். அப்பேர்ப்பட்ட கில்லாடி!

ஆனால், ஒரு வில்லங்கம். அதிலுள்ள ரொடாப்சின் மூலக்கூறு, உடம்புச் சூட்டிலேயே எப்போதாவது தானாகப் புரண்டுவிடும். வெளிச்சமே இல்லாமல், ‘வெளிச்சம்’ என்று பொய்த் தகவல் போகும்.

1942-ல் அமெரிக்காவில் ஹெக்ட், ஷ்லேர், பிரென் மூவரும் சோதித்தார்கள். குறைந்தது ஐந்தாறு போட்டான்களாவது ராட் செல்களில் சிக்கினால்தான் மனிதர்கள் ‘பார்த்தேன்’ என்றார்கள். பொய்யை வடிகட்டத்தான் இந்த ஏற்பாடு என்று 1956-ல் ஹோரஸ் பார்லோ விளக்கினார். ஒற்றைச் சாட்சியை நம்பி மூளை தீர்ப்பு எழுதுவதில்லை.

நாம்? செல்போனில் வந்த ஒரு தகவல் போதும், அடுத்தவர் மானத்தைக் கப்பலேற்றிவிடுகிறோம்.

சரி, எப்போதும் நாலு பேர் சொல்லும்வரை காத்திருக்கலாமா? ‘அந்த மாமா வீட்டுக்குப் போகமாட்டேன்’ என்று ஒரு குழந்தை அழுகிறது. இரண்டாவது சாட்சிக்கு எங்கே போவீர்கள்?

2016-ல் வியன்னா விஞ்ஞானிகள் ஒற்றைப் போட்டானை அனுப்பி, ‘எப்போது வந்தது, முதல் தடவையா, இரண்டாவது தடவையா?’ என்று கேட்டார்கள். சரியான பதில்கள் பாதிக்குச் சற்று அதிகம். குருட்டாம்போக்கில் சொன்னால் பாதிதான் தேறும். ஆக, அந்த ஒற்றைக் குரலையும் மூளை அடியோடு தூக்கி எறிவதில்லை.

தண்டிக்கத்தான் பல சாட்சிகள் வேண்டும். காதுகொடுக்க ஒன்று போதும்.