கூடுதல் கேட்டவருக்கே சொந்தமா?

ஏலத்தில் எடுத்த நிலம் ஹலாலா, ஹராமா என்ற கேள்வி இப்போது நம்மவர் இல்லங்களில் அடிக்கடி எழுகிறது. மறைமலை நகரிலிருந்து ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வரை தொழிற்சாலைகள் வந்து மனை விலை ஏறிய பின், கடன் கட்டத் தவறியோரின் வீடும் மனையும் பட்டறை இயந்திரமும் ஏலத்துக்கு வருவதாக வங்கிகள் பத்திரிகைகளில் விளம்பரம் செய்கின்றன. சந்தை விலையினும் குறைவாகக் கிடைக்குமென்று ஆசைப்படுவோர் உண்டு. இன்னொருவர் வயிறெரிந்து விட்டுப்போன மண் நமக்கு வேண்டாமென்று ஒதுங்குவோரும் உண்டு. இரு சாராருமே மார்க்கத்தைத்தான் ஆதாரம் காட்டுகின்றனர்.

ஏலம் என்ற சொல்லே நமக்குக் கடல் கடந்து வந்ததாம். போர்ச்சுக்கீசியரின் 'லெய்லாவ்' என்பதிலிருந்து தமிழில் ஏலமும் உருதுவில் நீலாமும் பிறந்தன என்றும், அந்த லெய்லாவுக்கு மூலம் 'அறிவித்தல்' எனப் பொருள்படும் 'இஃலாம்' என்ற அரபுச் சொல்லே என்றும் மொழியறிஞர் கூறுவர். பலரறியக் கூறி விற்பதே அதன் உயிர்.

அதற்கு மார்க்கத்தில் அனுமதி உண்டா? உண்டு. உதவி கேட்டு வந்த அன்ஸாரித் தோழர் ஒருவரிடம், வீட்டில் என்ன இருக்கிறது என்று நாயகம் (ஸல்) அவர்கள் வினவியதும், அவர் ஒரு விரிப்பையும் ஒரு பாத்திரத்தையும் கொண்டுவந்ததும், அவற்றைச் சபையில் கையில் ஏந்தி விலை கேட்டதும், ஒருவர் ஒரு திர்ஹம் என்றபோது அதற்கு மேல் தருபவர் யாரென்று திரும்பத் திரும்பக் கேட்டு, இரண்டு திர்ஹம் தந்தவரிடம் கொடுத்ததும் அனஸ் (ரலி) அவர்கள் வாயிலாக அபூதாவூத், திர்மிதீ முதலிய கிரந்தங்களில் வந்துள்ளன. ஒரு திர்ஹம் வீட்டு உணவுக்கும், மற்றொன்று கோடரிக்கும் போயிற்று. அக்கோடரிக்கு நாயகமவர்களே காம்பு பூட்டித் தந்து, விறகு வெட்டி விற்று வரும்படி பதினைந்து நாள் தவணை கொடுத்தார்கள். அவர் பத்து திர்ஹம் சம்பாதித்துத் திரும்பினார். இப்ராஹீம் நகயீ (ரஹ்) போன்ற சிலர் ஏலத்தை வெறுத்ததுண்டு. ஆயினும் இமாம்களில் பெரும்பாலோர் அதனை ஆகுமானதென்றே கண்டனர். ஒருவர் பேசும் விலையின்மேல் மற்றவர் விலை பேசலாகாது என்ற தடை, விற்பவர் இசைந்துவிட்ட பின்னரே பொருந்தும் என்பது அவர்கள் தரும் விளக்கம்.

அந்த ஏலத்தைச் சற்று உற்றுப் பாருங்கள். பொருள் அன்ஸாரியுடையது. அவர் அங்கேயே நின்றார், அவர் சம்மதத்தோடு விற்கப்பட்டது, கிடைத்த காசு அவர் கைக்கே போயிற்று. விற்றுக் கொடுத்தவர்களுக்கு அதில் ஒரு காசு ஆதாயமில்லை.

இதனை நம் பகுதியிலேயே முன்பு நடந்த ஏலத்தோடு ஒப்பிடுவோம். செங்கற்பட்டுச் சீமையை 1763-ல் நவாப் முஹம்மது அலி வாலாஜா கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். வங்காளத்தில் 1793-ல் செய்த நிரந்தர நிலவரித் திட்டத்தை 1802-ல் கம்பெனி இங்கும் கொண்டுவந்து, ஜாகீரை மிட்டாக்களாகக் கூறுபோட்டு ஏலம் விட்டது. எடுத்தோரில் பலர் சென்னைப் பட்டணத்துத் துபாஷிகளும் வர்த்தகர்களும் ஆவர், ஏர் பிடித்தவர்களல்லர். கம்பெனி விதித்த வரித்தொகை கனத்தது. வசூலோ எதிர்பார்த்தபடி வரவில்லை. சில ஆண்டுகளுக்குள் பல மிட்டாக்கள் நிலுவையில் மூழ்கி, மறுபடி ஏலத்துக்கு வந்தன அல்லது சர்க்காரிடமே திரும்பின. பிறகு ரயத்துவாரி முறை வந்தது.

இதில் நஷ்டப்பட்ட துபாஷிக்காக நாம் வருந்த வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியது வேறு. ஏலத்தில் விற்கப்பட்ட கிராமத்தில் மிராசுதாரின் பரம்பரைப் பாத்தியம் இருந்தது, பயிரிட்டவரின் வாரம் இருந்தது, பண்ணையாளின் உழைப்பு இருந்தது. அவர்களில் எவருக்கும் ஏலக்கூடத்தில் வாயில்லை. தன் வசம் இல்லாததை விற்கலாகாதென்று ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்களுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் இட்ட கட்டளையை அறிந்த ஒரு முஸ்லிம், அந்தக் கூடத்தில் கை தூக்குமுன் எதை வாங்குகிறோம் என்று யோசித்திருக்க வேண்டாமா?

சேப்பாக்கம் மாளிகையின் கதை இன்னும் கசப்பானது. 1855-ல் கடைசி நவாப் குலாம் கவுஸ் கான் வாரிசின்றி மறைந்ததும் பட்டத்தைச் சர்க்கார் ஒழித்தது. 1859-ல் நவாபின் கடனைத் தீர்ப்பதற்காக மாளிகை ஏலத்துக்கு வந்தது. 5,89,000 ரூபாய்க்கு எடுத்தது யார்? சென்னை சர்க்காரே! பட்டத்தைப் பறித்த கையே மாளிகையையும் வாங்கிற்று. விற்கச் சொல்லி அமர்த்தப்பட்ட வகீல் அப்பொருளைத் தனக்கே விற்றுக்கொள்ளக் கூடாதென்று நம் ஃபிக்ஹு நூல்கள் கூறுவதன் காரணம் இங்கே விளங்கும். பொருள் எவர் பிடியில் இருக்கிறதோ அவரே வாங்க வரும்போது, எதிரே நின்று விலை கேட்கப் பிறருக்கு நா எழாது. இன்றைய சிவில் நடைமுறைச் சட்டமும் ஏலம் நடத்தும் அலுவலர் ஏலம் கேட்பதைத் தடுத்திருக்கிறது. டிக்ரி பெற்ற கடன்காரர் கேட்பதானால் கோர்ட்டின் அனுமதி வேண்டும்.

அப்படியானால் கடனுக்காக ஒருவர் சொத்தை அவர் விருப்பமின்றி விற்பதே அநீதியா? அப்படியும் சொல்லிவிட முடியாது. முஆத் இப்னு ஜபல் (ரலி) அவர்களின் கடனுக்காக அவர்களின் சொத்து விற்கப்பட்ட செய்தி உண்டு. பெரும்பாலான இமாம்கள் காஜீக்கு அந்த அதிகாரத்தை ஒப்புகின்றனர். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) மட்டும், கடனாளியே விற்கும்வரை காவலில் வைக்கலாமேயன்றி அவர் பொருளைக் காஜீ விற்கலாகாது என்றார்கள். அவர்களின் மாணவர் இருவரும் இதில் மாறுபட்டனர். கொடுத்தவனுக்கும் ஹக்கு உண்டல்லவா? வசதியிருந்தும் இழுத்தடிப்பது அநியாயம். ஆனால் கஷ்டத்தில் இருப்பவனுக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கும்படி சூரத்துல் பகரா கட்டளையிடுகிறது. இழுத்தடித்தவன் வீடும் இல்லாமற்போனவன் வீடும் ஏல விளம்பரத்தில் ஒரே மாதிரிதான் அச்சாகின்றன. முதலும் வட்டியும் சேர்ந்து ஒரே தொகையாக நிற்கின்றன. ஆதலால் வாங்கப் போகிறவர் வில்லங்கச் சான்றைப் பார்த்ததோடு நில்லாமல், அந்த வீட்டுவாசலுக்கு ஒருமுறை போய் விசாரித்து வரட்டும். அங்கே குடியிருப்பது யார், அவர்கள் சாமான் எங்கே போகும் என்பது அப்போது தெரியும். சிரமமான காரியந்தான். வீடு வாங்க எவ்வளவோ சிரமப்படுகிறோம், இதையும் படலாம்.

இனி, நாமே செய்யும் ஏலங்கள். பள்ளிவாசலின் தென்னை மகசூலும் கடை வாடகையும் ஆண்டுதோறும் ஏலத்துக்கு வருகின்றன. ஜும்ஆவுக்குப் பின் நேர்ச்சைச் சேவலையோ முதற்காய்க் குலையையோ முற்றத்தில் ஏலமிட்டால், கடைவிலைக்குப் பன்மடங்கு கொடுத்து எடுப்பவர்கள் இருக்கின்றனர். பள்ளிக்குச் சேரட்டுமென்ற எண்ணத்தில் அவர் கொடுப்பது நன்மையே. வாங்கும் எண்ணமே இன்றி, விலையேற்றிப் பிறரை மாட்டிவிடுவதற்காக இடையில் கேட்பதுதான் நஜ்ஷு. அதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். இரண்டிலும் வாயிலிருந்து வரும் தொகை ஒன்றாகவே இருக்கலாம்.

நஜ்ஷைப் பற்றி நம் பயான்களில் பேசப்படுகிறது. அதன் மறுபக்கத்தைப் பேசுவோர் குறைவு. வக்பு கடைக்கு இன்னார்தாம் கேட்பார், நாம் குறுக்கே போகவேண்டாம் என்று நாலு பேர் முதல்நாள் இரவே பேசி முடித்து, மறுநாள் முத்தவல்லி மூன்று முறை கூவியும் மௌனம் சாதிக்கின்றனர். தொழிற்சாலைக் கழிவிரும்பை ஏலத்தில் எடுப்போர் தமக்குள் சிண்டிகேட் வைத்துக்கொள்வதும் இதே வழக்கந்தான். ஆனால் வக்பில் பறிபோவது யதீமின் பங்கு, இமாமின் சம்பளம். உயர்த்திக் கேட்டால் வாங்குபவரை ஏமாற்றுகிறோம். கூடிப்பேசி வாய் மூடினால் விற்பவரை ஏமாற்றுகிறோம். முன்னதைப் பாவமென்றும் பின்னதை மரியாதை என்றும் நாம் பெயரிட்டிருப்பது வேடிக்கை.

ஏலம் முடிந்த பிறகும் ஒரு வாசல் திறந்திருக்கிறது. கோர்ட் ஏலத்தில் போன அசையாச் சொத்தை, 60 நாட்களுக்குள் பழைய உரிமையாளர் டிக்ரி பாக்கியையும், வாங்கியவருக்கு ஏலத்தொகையில் நூற்றுக்கு ஐந்தும் கட்டி மீட்கச் சட்டம் இடந்தருகிறது. அந்த ஐந்தைப் பெறுவதா விடுவதா என்பது வாங்கியவரின் பொறுப்பு. கெடு தாண்டி ஏலம் உறுதியானபின் சட்டம் அவரை ஒன்றும் கேட்பதில்லை. அதற்குப் பின்னும் பழைய சொந்தக்காரர் பணத்தோடு வாசலில் வந்து நின்றால், கொடுத்த விலைக்கே திருப்பித் தருவதற்கு இகாலா என்று பெயர்; அப்படி விட்டுக்கொடுப்பவரின் சறுகல்களை அல்லாஹ் மன்னிப்பான் என்று ஹதீஸில் வந்துள்ளது.