ஒளித்து வைக்கும் தொழில்

வீட்டு உள்வடிவமைப்பு என்றால் நிறமும் சோபாவும் என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கல்யாண வீட்டுச் சாப்பாட்டு வரிசையில்கூட ஒருவர் என்னிடம் கேட்டார்: "எங்க ஹாலுக்கு என்ன கலர் அடிக்கலாம்?" நிறம் இந்தத் தொழிலில் ரொம்பச் சின்னப் பகுதி. சிங்கப்பூரில் எங்களுக்குச் சோறு போடுவது ஒளித்து வைக்கும் வேலை.

ஒரு நாலறை வீவக வீட்டுக்கு நான் எழுதும் விலைப்பட்டியலில் தச்சு வேலைதான் பாதியை விழுங்கும். செருப்பு அலமாரி, சமையலறை அலமாரி, அதற்கு மேல் சீலிங் வரை இன்னொரு அலமாரி, கட்டிலுக்கு அடியில் இழுப்பறை. எல்லாமே அடிக்கணக்கில் காசு. இவற்றுக்குள் போகிறவை: கேஸ் குழாய், ரவுட்டர், வயர்கள், அரிசி மூட்டை, துடைப்பம், இஸ்திரி மேசை. 90களின் பிற்பகுதியிலிருந்து கட்டப்பட்ட வீடு என்றால் பாம் ஷெல்டர் கதவும் உண்டு. அந்தக் கனத்த இரும்புக் கதவைக் கழற்றவும் கூடாது, அறையின் சுவரை இடிக்கவும் கூடாது. ஆகவே ஹாலில் டிவிக்குப் பின்னால் மரப்பலகைச் சுவர் ஒன்றை எழுப்பி, கதவை அதற்குள் கரைத்துவிடுகிறோம். விருந்தாளிக்கு அங்கே ஓர் அறை இருப்பதே தெரியாது. வாடிக்கையாளர் முகத்தில் அந்த நேரத்தில் வரும் சந்தோஷம் இருக்கிறதே, சாவி வாங்கிய அன்றுகூட அப்படி இருந்திருக்காது.

"ஹோட்டல் மாதிரி இருக்கணும் அக்கா." இதை எத்தனை வாயிலிருந்து கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. ஹோட்டல் அறை ஏன் நமக்குப் பிடிக்கிறது? நேற்று அங்கே தங்கியவரின் தடயம் எதுவும் இல்லை. ஒரு முடி, ஒரு டம்ளர் வளையம் கிடையாது. ஆனால் வீட்டில் நேற்றுத் தங்கியவர் நாமேதான். நம் தடயத்தை நாமே தினமும் அழித்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்குத்தான் ஐம்பதாயிரம், அறுபதாயிரம் வெள்ளி கொடுக்கிறோமா என்று சில சமயம் தோன்றும். வாய்விட்டுச் சொல்ல மாட்டேன். அது என் பிழைப்பு.

ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் அடால்ஃப் லூஸ் 1900இல் ஒரு கிண்டல் கட்டுரை எழுதினார். ஓர் ஏழைப் பணக்காரரின் கதை. எல்லாம் இருந்தும் வீட்டில் கலை இல்லையே என்று அந்த மனிதர் ஒரு வடிவமைப்பாளரை அழைத்து வருகிறார். அவர் சாம்பல் கிண்ணம்வரைக்கும் வடிவமைத்துத் தருகிறார். ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இடம், அந்த இடத்தை விட்டு நகர்த்தக் கூடாது. பிறந்தநாளுக்குப் பெண்டாட்டி பிள்ளைகள் பரிசு வாங்கி வருகிறார்கள். எங்கே வைப்பது என்று தெரியாமல் மனிதர் வடிவமைப்பாளரை வரவழைக்கிறார். வந்தவர் பரிசைப் பார்ப்பதற்கு முன்னால் இவருடைய காலைப் பார்க்கிறார். படுக்கையறைக்கென்று வரைந்து கொடுத்த செருப்பைப் போட்டுக்கொண்டு ஹாலில் நிற்கலாமா என்று எகிறுகிறார். பிறகு, என்னைக் கேட்காமல் பரிசு வாங்க எப்படித் துணிந்தீர்கள், உங்களுக்குத்தான் எல்லாம் முடிந்துவிட்டதே என்கிறார். இனி ஆசைப்படக்கூட எதுவும் பாக்கியில்லை என்று அந்தப் பணக்காரருக்கு அப்போதுதான் உறைக்கிறது.

எங்கள் ஆட்கள் இந்தக் கதையைப் படித்துவிட்டுச் சிரிப்பார்கள். எனக்கு அது வேறு மாதிரி படுகிறது. லூஸின் பணக்காரர் தன் வீட்டில் தானே மாட்டிக்கொண்டவர், செய்ததும் அவர், பட்டதும் அவர். நம் ஊர் வீடுகளில் ஒளிக்கச் சொல்கிறவர் ஒருவர், ஒளிக்கப்படும் பொருளுக்குச் சொந்தக்காரர் வேறொருவர். கேள்வி அங்கேதான் தொடங்குகிறது.

தினசரி காலண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். மளிகைக் கடையிலோ கோயிலிலோ கொடுப்பது. தாளைத் தினமும் கிழிக்கணும். திதி, நட்சத்திரம், ராகுகாலம், எமகண்டம் எல்லாம் பொடி எழுத்தில் இருக்கும். அறுபது வயதுக்கு மேற்பட்டவர் இருக்கும் தமிழ் வீட்டில் இது இல்லாமல் இருப்பது அபூர்வம். நான் காட்டும் முப்பரிமாணப் படத்தில் அது இருந்ததே இல்லை. படத்தில் ஒரு குவளை இருக்கும், அதில் காய்ந்த புல் இருக்கும். அந்தப் புல் அந்த வீட்டில் யாருக்கும் வேண்டியதில்லை. காலண்டர் தினமும் காலையில் ஒருவருக்கு வேண்டும். மகனிடம் கேட்டால், "அலமாரி கதவுக்கு உள்பக்கம் மாட்டிரலாம், அம்மா திறந்து பாத்துக்குவாங்க" என்பார். அம்மாவும் சரி என்றுதான் சொல்வார். மகன் வீட்டில் அம்மாக்கள் எதற்கும் சரி என்பார்கள்.

இப்போது அலமாரிகளுக்குக் கைப்பிடி வைப்பதில்லை. அழுத்தினால் திறக்கும். வரிசையாகப் பத்துக் கதவு, எல்லாம் ஒரே வெள்ளை, எது கதவு எது சுவர் என்று எனக்கே சில சமயம் தடுமாறும். கைப்பிடி அசிங்கம் என்று இளைஞர்கள் நினைக்கிறார்கள். கைப்பிடி என்பது இங்கே திறக்கலாம், இப்படி இழுக்கலாம் என்று கைக்குச் சொல்லப்படும் ஒரு வார்த்தை. விரல் மூட்டு வலிக்கிறவருக்கு அழுத்துகிற கதவு சிரமம். முதுமை மறதி நோய் உள்ளவருக்கு அது கதவே இல்லை. அவர்களுக்குக் கண்ணில் படாத பொருள் உலகத்திலேயே இல்லாத மாதிரி. மறதி நோயாளர்களுக்கான வீட்டமைப்பு பற்றிப் பேசுகிறவர்கள் கண்ணாடிக் கதவு வையுங்கள், இல்லாவிட்டால் கதவையே எடுத்துவிடுங்கள், என்ன இருக்கிறது என்று எழுதியோ படம் ஒட்டியோ வையுங்கள் என்கிறார்கள். கழிப்பறையில் தரை, சுவர், பீங்கான் மூன்றும் வெள்ளையாக இருந்தால் உட்காரும் இடமே தெரியாது, இருக்கைக்கு வேறு அடர்நிறம் கொடுங்கள் என்கிறார்கள். எங்கள் தொழிலில் அழகு என்று விற்கப்படுவதற்கு நேர் எதிரான பட்டியல் இது.

கைப்பிடிக் கம்பிகளின் கதை இன்னும் மோசம். வயதானவர்கள் இருக்கும் வீடுகளில் குளியலறைக்குக் கம்பியும் வழுக்காத தரையும் பொருத்திக்கொள்ள வீவக 2012 முதல் 'ஈஸ்' திட்டத்தின்கீழ் செலவின் பெரும்பகுதியை ஏற்கிறது. கிட்டத்தட்ட சும்மா வருவது. அதையும் வேண்டாம் என்கிற பிள்ளைகள் உண்டு. "ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு அக்கா." அதற்குப் பதிலாக ஒல்லியான கறுப்புத் துண்டுக் கம்பி கேட்பார்கள். கால் வழுக்கினால் கை அருகில் இருப்பதைத்தான் பிடிக்கும். இரண்டு சின்ன ஸ்க்ரூவில் நிற்கும் துண்டுக் கம்பி ஓர் ஆளின் எடையைத் தாங்காது, பெயர்த்துக்கொண்டு கையோடு வரும். வீட்டில் வயதானவர் இருக்கிறார் என்பதையே மறைக்க விரும்பும் அழகுணர்ச்சி இது. இதை ரசனை என்று விட்டுவிட என்னால் முடியவில்லை. கம்பி விஷயத்தில் மட்டும் வாடிக்கையாளருடன் சண்டை போடுவேன், வேலை போனாலும் பரவாயில்லை.

இப்படியே எழுதிக்கொண்டு போனால், கதவெல்லாம் கெட்டது, திறந்த தட்டெல்லாம் நல்லது என்று முடிந்துவிடும். அது சரியில்லை. ஓரறை வாடகை வீடுகளுக்குள் போனவர்களுக்குத் தெரியும். முப்பது சொச்சம் சதுர மீட்டர். வாசல் கதவைத் திறந்தால் மெத்தை, துணி மூட்டை, பிள்ளையின் பள்ளிப்பை, மருந்துக் கவர், காயும் உள்ளாடை, எல்லாம் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். அரிசிப் பை கொண்டுவரும் தொண்டூழியருக்கும், எதிர்வீட்டுக்காரருக்கும். அங்கே ஒரு திரைச்சீலைக்கு இருக்கும் மதிப்பு எந்த ஆடம்பர வீட்டு அலமாரிக்கும் கிடையாது. ஒளித்து வைக்க இடம் இருப்பதும் ஒரு மரியாதைதான். தன் வாழ்க்கையில் எதைப் பிறர் பார்க்கலாம் என்று தானே முடிவு செய்யும் உரிமை அது. வசதியான வீட்டு அம்மாவின் காலண்டருக்கும் இதே உரிமையைத்தான் கேட்கிறேன். அதை எங்கே மாட்டுவது என்று அவர் சொல்லட்டும். உள்பக்கம் போதும் என்று அவரே நினைத்தால் உள்பக்கம்.

சாமி அலமாரியும் இப்படித்தான், நினைத்த அளவுக்கு எளிதாக அடங்குவதில்லை. கதவு போட்ட சாமி மேடை கேட்பவர்களை நண்பர்கள் சிலர் கேலி செய்கிறார்கள்: "விருந்தாளி வந்தா சாமியை அடைச்சு வெச்சிருவீங்களா?" ஏன், கோயிலில் நடை சாத்துவதில்லையா? திரை போடுவதில்லையா? மூடியிருப்பதும் திறப்பதும் சேர்ந்துதானே தரிசனம். நான் கதவுக்கு எதிரி இல்லை. என் கவலை வேறு. மூடிய பெட்டிக்குள் எண்ணெய் விளக்கு எரிந்தால் மேல்தட்டு லேமினேட் கருகி உப்பும், சாம்பிராணிப் புகை எங்கும் போக முடியாமல் அடையும். விளக்குக்கு மேல் ஒரு கல்லோ எஃகுத் தகடோ வேண்டும், பின்னால் காற்று போக வழி வேண்டும். பல வரைபடங்களில் இது எதுவும் இருக்காது. ஏனென்றால் வரைந்தவர் அந்த விளக்கு ஏற்றப்படும் என்றே நினைக்கவில்லை. பாட்டரி அகல்விளக்கோடு படம் முடிந்துவிடுகிறது. பக்தி இருக்கிறதா என்று நான் யாரையும் கேட்பதில்லை. தினமும் ஏற்றுவீர்களா, எண்ணெயா நெய்யா, யார் ஏற்றுவார், அவருடைய உயரம் என்ன? இதைத்தான் கேட்கிறேன். நான்கு கேள்விக்குள் அந்த வீட்டில் யார் யாருக்காக வாழ்கிறார்கள் என்பது தெரிந்துவிடும்.

இதுவரை சொன்னவர்களெல்லாம் குறைந்தபட்சம் அந்த வீட்டுக் குடும்பத்தினர். கூட்டத்துக்கு அழைக்கப்படாத இன்னொருவர் இருக்கிறார். சிங்கப்பூரில் இரண்டரை லட்சத்துக்கும் அதிகமான பணிப்பெண்கள் வேலை செய்கிறார்கள். அவர்கள் வாழ்வது முதலாளி வீட்டுக்குள். கணவனும் மனைவியும் வேலைக்குப் போய், பிள்ளைகள் பள்ளிக்குப் போனபின், அந்த வீட்டில் அதிக நேரம் இருக்கப்போகிறவர் அவர்தான். அலமாரிகளை எல்லோரையும்விட அதிகமாகத் திறந்து மூடப்போகிறவரும் அவர்தான். அடுப்பு மேடை என்ன உயரத்தில் இருக்க வேண்டும் என்று பேசும்போது மனைவியின் உயரத்தை அளக்கிறோம். வாரத்துக்கு ஒருநாள் சமைப்பவரின் முழங்கை உயரம்!

அவர் எங்கே படுப்பார்? முதல் சந்திப்பிலேயே கேட்பது என் வழக்கம். கேட்டதும் ஒரு சின்ன அமைதி வரும். "பாப்பா ரூம்ல ஒரு மெத்தை போட்டுக்கலாம்." "அது அப்புறம் பாத்துக்கலாம் அக்கா." சிலர் பாம் ஷெல்டரைக் காட்டுவார்கள். மனிதவள அமைச்சின் விதிகள் இந்த விஷயத்தில் தெளிவானவை. காற்றோட்டம் வேண்டும், மெத்தை வேண்டும், தனிமை வேண்டும், வயதுவந்த ஆணோ பதின்ம வயதுப் பையனோ படுக்கும் அறையில் படுக்க வைக்கக் கூடாது. 90 சதுர மீட்டரில் ஆறு பேர் வாழும்போது எல்லோருக்கும் தனியறை கிடைக்காது என்பது எனக்கும் தெரியும். முதலாளிகள் எல்லோரும் கொடுமைக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. வயதான அப்பாவையும் கைக்குழந்தையையும் வைத்துக்கொண்டு திணறுகிற குடும்பங்கள்தான் பெரும்பாலும். ஆனால் சைக்கிளுக்கும், சூட்கேஸுக்கும், வருஷத்துக்கு ஒருமுறை எடுக்கும் தீபாவளி அலங்கார விளக்குக்கும் அங்குலக் கணக்கில் இடம் பேசுகிறோம். இந்த ஒரு ஆளுக்கு மட்டும் "அப்புறம்".

சக வடிவமைப்பாளர்கள் சொல்வார்கள், அது வாடிக்கையாளரின் சொந்த விஷயம், நமக்கெதுக்கு என்று. அப்படிச் சொல்ல முடியாது. கோடு போடுகிறது நாம். வரைபடத்தில் 'ஸ்டோர்' என்று எழுதிய அறையில் ஒரு மனுஷி படுக்கப்போகிறாள் என்று தெரிந்தால், அந்தச் சொல்லை எழுதியவருக்கும் அதில் பங்கு உண்டு. எவ்வளவு பங்கு என்று கேட்டால் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. மருத்துவருக்கு இருப்பதுபோல எங்களுக்கு உறுதிமொழி எதுவும் இல்லை. ஒப்பந்தத்தில் இருப்பதெல்லாம் பலகையின் தடிமனும் தவணைத் தேதியும்தான்.

மரவேலை வரைபடம் எதையும் மறைத்துவிடும், மின்சார வரைபடத்தால் அது முடியாது. ஒருவர் படுக்கும் இடத்தில் படுத்தபடி எட்டக்கூடிய விளக்கு சுவிட்சு வேண்டும், தலைமாட்டில் போன் சார்ஜ் போட ஒரு பிளக் வேண்டும், ஒரு மின்விசிறி வேண்டும். 'ஸ்டோர்' என்று தலைப்புப் போட்ட இடத்துக்கு வாடிக்கையாளர் விசிறி கேட்டால் எனக்குப் புரிந்துவிடும். கேட்காவிட்டால் இன்னும் நன்றாகப் புரியும். அப்போது நானே ஒரு பிளக், ஒரு சுவிட்சு, கதவுக்கு உள்பக்கத் தாழ்ப்பாள் ஒன்று சேர்த்து வரைந்து, அந்த வரியை மஞ்சள் கோடு போட்டு அனுப்புகிறேன். தொகை நூற்றைம்பது வெள்ளிக்குள்தான் வரும். சிலர் ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். சிலர் கூப்பிட்டு, "அக்கா, இந்தத் தாழ்ப்பாள் எதுக்கு?" என்பார்கள். பிளக் எதுக்கு என்று யாரும் கேட்டதில்லை, தாழ்ப்பாளைத்தான் கேட்பார்கள். யாருக்கு என்று திருப்பிக் கேட்பேன். அதற்கப்புறம் பேச்சு கொஞ்ச நேரம் நீளும்.