ஒரு சூரியன் போடுங்களேன்

1938இல் ஏட்ரியன் ஹில் என்ற ஆங்கில ஓவியர் காசநோயோடு மிட்ஹர்ஸ்ட் சானடோரியத்தில் படுத்திருந்தார். ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட இன்னும் ஐந்து வருஷம் இருந்தது. ஓய்வு, காற்று, சாப்பாடு. வைத்தியத்தில் பெரும்பகுதி சும்மா கிடப்பதுதான். ஹில் கட்டிலில் இருந்தபடியே கைக்கெட்டிய பொருள்களை வரைந்தார். பிறகு மற்ற நோயாளிகளுக்கும் சொல்லிக்கொடுத்தார். 1942இல் 'கலை சிகிச்சை' என்ற பெயரை வைத்தவர் அவர்தான். 1945இல் வந்த அவருடைய புத்தகத்தின் தலைப்பு கலையையும் நோயையும் எதிரெதிரே நிறுத்துகிறது.

அந்தத் தலைப்பில்தான் எனக்கு ஒரு நெருடல். பென்சில் கிருமியைக் கொல்லவில்லையே. அப்புறம் என்ன செய்தது?

கடுமையான நோயில் விழுந்தவருக்கு எல்லாமே செய்யப்படுகிறது. ஊசி குத்தப்படுகிறது, ஸ்கேன் எடுக்கப்படுகிறது, புண் கழுவப்படுகிறது. செயப்பாட்டு வினையிலேயே ஒரு வாழ்க்கை. தாளின் முன்னால் உட்காரும்போது மட்டும் அவர் எழுவாய் ஆகிறார். எந்தக் கோடு, எந்த நிறம், எங்கே நிறுத்துவது என்பதெல்லாம் அவர் முடிவு.

அங்கேயும் நாம் போய் நிற்கிறோம். கீமோ முடிந்து வந்தவர் தாள் முழுக்கக் கறுப்பை அப்பினால், "ஒரு சூரியன் போடுங்களேன் ஆன்ட்டி, நல்லா இருக்கும்" என்கிறோம். அன்பாகத்தான் சொல்கிறோம். ஆனா அந்த மஞ்சள் யாருக்கு வேணும்? பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகப்போகிற நமக்குத்தான். சாகக்கூடிய ஒருவரிடம் போய் நமக்கு ஆறுதல் கேட்கிறோம்.

1982இல் மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்ததும், ஆங்கிலேயப் புகைப்படக் கலைஞர் ஜோ ஸ்பென்ஸ், அறுவைக்கு முன் தன் மார்பின் மீது, இது ஜோ ஸ்பென்ஸின் உடைமையா என்று எழுதிப் படம் எடுத்துக்கொண்டார். கடைசியில் ஒரு கேள்விக்குறி. டாக்டரைக் கேட்கிறாரா, தன்னையேதான் கேட்டுக்கொள்கிறாரா? எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குப் பிடிபடவில்லை. 'அழகா இருக்கு' என்று சொல்லித் தப்பிக்க முடியாத படம் அது.

இந்தத் துறையில் பயின்றவர்களுக்கு இது புதிதல்ல. சிங்கப்பூர் லாசால் கலைக் கல்லூரியில் 2006 முதல் இதற்கு முதுகலைப் படிப்பே இருக்கிறது. நோயாளியின் படத்தை மருத்துவக் குறிப்பைப் போல ரகசியமாகக் காப்பதும், சம்மதமில்லாமல் சுவரில் மாட்டாததும் அவர்களுடைய தொழில் ஒழுக்கம். என் பயம் நம்மைப் போன்ற நல்லெண்ணக்காரர்களைப் பற்றியது. நிதி திரட்ட ஒரு காலண்டர், 'போராளி' என்று ஒரு தலைப்பு, ஒரு கண்காட்சி. பணம் உண்மையிலேயே தேவை, மறுக்கவில்லை. "சம்மதம் வாங்கிட்டோமே" என்பார்கள். தன்னைப் பார்த்துக்கொள்கிற இடத்திலிருந்து ஒரு படிவம் நீட்டப்படும்போது 'வேண்டாம்' என்று சொல்ல எத்தனை பேருக்கு வாய் வரும்?

அந்தப் படிவத்தில் 'காட்சிக்கு வைக்கலாம்', 'விற்கலாம்' என்று கட்டங்கள் இருக்கும். 'கிழித்துப் போட்டுவிடுங்கள்' என்று ஒரு கட்டம் எங்காவது இருக்கிறதா?